பிள்ளையின் தையலைப் பிரிக்காதீர்கள்



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் சிலர் என்னிடம், "பிள்ளைகள் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், சார். வீட்டில் செய்வதற்கு ஏதாவது கைவேலை சொல்லுங்கள்" என்று கேட்பதுண்டு. என் விடை பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். வீட்டிலுள்ள பழைய துணிகளைக் கொண்டு ஓர் ஒட்டுத்துணிப் போர்வை தையுங்கள். ஆங்கிலத்தில் இதனைக் 'குவில்ட்' என்பர். சிறு துணித் துண்டுகளை இணைத்து மேல்துணியாக்கி, நடுவில் ஓர் அடுக்கும் அடியில் ஓர் அடுக்கும் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைத்தால் போர்வை ஆயத்தமாகிவிடும்.

உடனே அடுத்த கேள்வி வரும். "இதற்கு என்னென்ன வாங்க வேண்டும்?"

வெட்டி அடுக்கிய துணிக்கட்டு, உருளும் கத்தி, அளவுப் பலகை, புதிய தையல் இயந்திரம் என்று கடைகளில் வாங்குவதற்குக் குறைவில்லை. வாங்குவது தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால், எல்லாவற்றையும் வாங்கியபின் நடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். விலை கொடுத்து வாங்கிய துணி வீணாகிவிடக் கூடாதே என்று அம்மா தைக்கத் தொடங்குவார். பிள்ளை அருகில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுக்கும். சற்று நேரத்தில் அதுவும் எழுந்து போய்விடும். போர்வை அழகாக முடியும். பிள்ளையோ எதையும் கற்றிருக்காது.

இந்தக் குறையைப் பெற்றோர்மீது மட்டும் சுமத்த எனக்கு உரிமையில்லை. இதனினும் பெரிய தவற்றை நானே செய்திருக்கிறேன். அதனைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

பச்சை நூல்

சில ஆண்டுகளுக்கு முன்பு என் வகுப்பு மாணவர்கள் 28 பேர், பள்ளியின் கைவினைக் கண்காட்சிக்காக ஒரு போர்வை தைத்தார்கள். ஒவ்வொருவரும் 7 அறுகோணத் துண்டுகளை இணைத்து ஒரு பூ செய்ய வேண்டும். அந்த 28 பூக்களையும் இணைத்தால் போர்வை. துணியை வீட்டிலிருந்து கொண்டு வந்தார்கள். அப்பாவின் பழைய சட்டை, அக்காவின் பாஜு குரோங் தைத்தபோது மிஞ்சிய துண்டு, பாத்தேக் துணி என்று விதவிதமாக வந்தன.

ஒரு மாணவன், மறைந்துபோன தன் தாத்தாவின் கட்டம் போட்ட கைலியிலிருந்து ஒரு துண்டு கொண்டு வந்தான். எழுத்தும் கணக்கும் அவனுக்கு எளிதில் வாரா. ஆயினும் ஊசியைப் பிடித்தால் தலை நிமிரமாட்டான். வெள்ளை நூல் தீர்ந்துபோன ஒரு நாளில் பச்சை நூலைக் கேட்டு வாங்கிக்கொண்டான். தையல் ஒன்று நீளம், ஒன்று குட்டை. இரண்டு இதழ்களுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

கண்காட்சிக்கு முதல் நாள் இரவு அந்தப் பூவை வீட்டிற்கு எடுத்துச் சென்றேன். பச்சைத் தையலை முழுமையாகப் பிரித்து, வெள்ளை நூலால் நேர்த்தியாகத் தைத்து முடித்தேன். நல்ல காரியம் செய்ததாகவே அன்று எண்ணினேன். வருகை தரும் விருந்தினர் முன்னிலையில் பள்ளியின் பெயர் கெட்டுவிடக் கூடாதல்லவா?

மறுநாள் அவன் தன் அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தான். போர்வையின்மீது விரலை ஓட்டிக் கட்டம் போட்ட துணியைக் கண்டுபிடித்தான். குனிந்து பார்த்தான். பிறகு என்னிடம் வந்து, மெதுவாக, "சார், துணி என்னோடதுதான். ஆனா நான் தைச்சது பச்சை நூலு" என்றான்.

என்னால் விடை சொல்ல முடியவில்லை. அவன் அழவுமில்லை, கோபப்படவுமில்லை. அம்மாவிடம் காட்டாமலே அடுத்த மேசைக்குப் போய்விட்டான். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவன் ஊசியைத் தொடவில்லை. நான் அழைத்தபோதெல்லாம், "நீங்களே தைங்க சார், நல்லா வரும்" என்றான். அவன் என்னைக் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே அப்படி நம்பிவிட்டான். அதுதான் இன்றுவரை என்னை வருத்துகிறது.

சாங்கிச் சிறையில் தைத்த போர்வைகள்

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான் சிங்கப்பூர் சாங்கிச் சிறையில் 1942-ஆம் ஆண்டு தைக்கப்பட்ட போர்வைகளைப் பற்றிக் கருத்தூன்றிப் படித்தேன். 15 பிப்ரவரி 1942 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த மாதமே ஏறத்தாழ 400 பெண்களும் குழந்தைகளும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஆண்கள் அதே சிறையின் வேறு பகுதியில் இருந்தார்கள். மனைவி உயிரோடிருக்கிறாளா என்று கணவனுக்கும், கணவன் உயிரோடிருக்கிறானா என்று மனைவிக்கும் தெரிந்துகொள்ள வழியில்லை.

அச்சிறையில் எலிசபெத் என்னிஸ் என்பவர் சிறுமிகளைக் கூட்டிச் சாரணியர் குழு ஒன்றைத் தொடங்கினார். அவருடைய பிறந்தநாளுக்கு வியப்பளிக்க விரும்பிய அச்சிறுமிகள், அவருக்குத் தெரியாமல் ஒரு போர்வை தைக்கலானார்கள். கிடைத்த துணித் துணுக்குகளை அறுகோணமாக வெட்டிப் பூப்பூவாக இணைத்தார்கள். நூல் கிடைப்பதே அரிது. பழைய உடைகளின் தையலைப் பிரித்து எடுத்த நூல் அவர்களுக்கு உதவியது. அந்தப் போர்வை இன்று லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

அச்சிறுமிகளின் வேலையே பெரியவர்களுக்கும் வழிகாட்டியதாகச் சொல்வார்கள். கனடா நாட்டைச் சேர்ந்த எத்தல் மல்வானி என்னும் பெண்மணி, சிறையிலிருந்த பெண்களுக்கு ஆளுக்கொரு சதுரத் துணியைக் கொடுத்து, தம்மைப் பற்றிய ஏதேனும் ஒன்றை அதில் தைக்கச் சொன்னார். 66 சதுரங்கள் கொண்ட மூன்று போர்வைகள் உருவாயின. அவை காயமுற்ற வீரர்களுக்கு என்று சொல்லி அனுப்பப்பட்டன. சதுரங்களில் பெண்களின் பெயர்கள் இருந்தன. பெயரைக் கண்டால், தைத்தவள் உயிரோடிருக்கிறாள் என்று மறுபக்கத்திலுள்ளவர்கள் அறிந்துகொள்வார்கள். அந்த மூன்றில் ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும், மற்ற இரண்டு கன்பராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும் பாதுகாக்கப்படுகின்றன.

ஒரு கணம் சிந்தித்துப் பாருங்கள். தையல் கோணலாக இருக்கிறதே என்று யாரேனும் அந்தச் சதுரங்களுள் ஒன்றைப் பிரித்து வேறு கையால் தைத்திருந்தால் என்னவாகியிருக்கும்? துணி இருந்திருக்கும், பெயரும் இருந்திருக்கும். ஆனால் அவள் உயிரோடிருக்கிறாள் என்று சொல்ல அவளுடைய கை இருந்திருக்காது. என் மாணவன் சிறையில் இல்லை. எனினும் தன் அம்மாவிடம் அவன் சொல்ல விரும்பியதும் ஏறக்குறைய அதுதான். 'இதை நான் செய்தேன்.'

துணியைத் தேர்ந்தெடுத்தல்

இனி, வீட்டில் எப்படித் தொடங்கலாம் என்று பார்ப்போம். தொடக்கத்திற்குச் சாதாரண நெசவுள்ள பருத்தித் துணியே ஏற்றது. பருத்திச் சட்டை, கைலி, பாத்தேக், பழைய நூல்சேலை ஆகியவை போதும். தையற்கடைகளில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளை மலாய்க்காரர்கள் 'காயின் பெர்ச்சா' என்பார்கள். கேட்டால் பலர் மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள். இழுத்தால் நீளும் டீ-சட்டையும், வழுக்கி ஓடும் ஜார்ஜெட், சாட்டின் துணிகளும் பிள்ளைகளின் கைக்கு அடங்கா.

துணி பருத்திதானா என்று ஐயமிருந்தால் பெரியவர்கள் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, ஆறியபின் கெட்டியான மணியாகும். இரண்டையும் ஒரே போர்வையில் கலக்காதிருப்பது நல்லது. ஒன்று சுருங்கும், மற்றொன்று சுருங்காது. இஸ்திரிப் பெட்டியின் சூட்டையும் இரண்டும் ஒன்றுபோல் தாங்கா.

எத்துணியையும் வெட்டுவதற்கு முன்பே துவைத்துவிட வேண்டும். சிவப்பு, கருநீலம் போன்ற அடர்த்தியான நிறங்களைத் தனித்தனியே அலசி, நீர் தெளியும்வரை பார்க்க வேண்டும். இந்தப் பொறுமை இல்லாவிட்டால், முடிந்த போர்வையை முதன்முறை துவைக்கும்போதே வெள்ளைத் துண்டுகளில் சாயம் ஏறிவிடும்.

பழைய சேலையாயின் இரு கைகளாலும் பிடித்து அழுத்தி இழுத்துப் பாருங்கள். 'டர்' என்று கிழிந்தால் மேல்துணிக்கு ஆகாது. கிழியாத பகுதியை மட்டும் மேலே பயன்படுத்தி, நைந்த பகுதியை நடு அடுக்காக வைத்துக்கொள்ளலாம்.

அறுகோணமும் காகிதமும்

பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைப்பது காகித அச்சின்மேல் துணியை மடித்துத் தைக்கும் முறை. இதற்கு இயந்திரம் வேண்டா. பழைய பயிற்றிப் புத்தகத்தின் அட்டையும் ஒரு கவராயமும் போதும்.

கவராயத்தில் 4 செ.மீ. ஆரம் எடுத்து வட்டம் வரையச் சொல்லுங்கள். ஆரத்தை மாற்றாமல் வட்டத்தின் விளிம்பிலேயே அடியெடுத்து வைத்தால் சரியாக 6 புள்ளிகள் விழும். அவற்றை இணைத்தால் அறுகோணம். ஒவ்வொரு மூலையும் 120 பாகை. மூன்று மூலைகள் சேர்ந்தால் 360 பாகை. ஆகவேதான் அறுகோணங்கள் இடைவெளியின்றிப் பொருந்துகின்றன. ஐங்கோணத்தின் மூலை 108 பாகை. மூன்று வைத்தால் இடைவெளி விழும், நான்கு வைத்தால் இடம் போதாது. இதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைவிட, அட்டையை வெட்டிக் கையில் கொடுத்தால் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும்.

10 செ.மீ. சதுரமாக வெட்டிய துணியின் நடுவே அந்த அட்டையை வையுங்கள். துணியின் விளிம்பை அட்டையின்மேல் மடித்துத் தற்காலிகமாகத் தைத்துக்கொள்ள வேண்டும். மடிப்பிற்கு ஏறக்குறைய 8 மி.மீ. இருந்தால் போதும். மிகுந்திருக்கும் துணியைக் கத்தரித்துவிடலாம். துணி பாவு நூலின் திசையில் அதிகம் நீளாது. ஊடையின் திசையில் சற்றே நீளும். மூலைவாட்டில் இழுத்தாலோ நன்றாகவே நீண்டு வளைந்துபோகும். அறுகோணத்தில் சில பக்கங்கள் சாய்வாக வெட்டுப்படுவது தவிர்க்க முடியாதது. அந்தப் பக்கங்கள் இழுபடாமல் காப்பதுதான் அட்டையின் வேலை. ஆகவே பழகாத கையிலும் இம்முறை வடிவம் குலையாது.

இரண்டு அறுகோணங்களின் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, ஒரு விளிம்பை மட்டும் சுற்றிச் சுற்றித் தைத்து இணைக்க வேண்டும். ஊசி துணியின் சில இழைகளை மட்டும் பிடிக்க வேண்டும். அட்டையைக் குத்தக் கூடாது. ஒரு செ.மீ. நீளத்திற்கு 5 தையல் இருந்தால் உறுதியாக இருக்கும். நூல், முழங்கையிலிருந்து விரல்நுனிவரை உள்ள நீளத்திற்கு மேல் வேண்டா. நீண்ட நூல் சிக்கலாகும். சிக்கலான நூலே பிள்ளையின் ஆர்வத்தைக் கெடுக்கும். ஓர் அறுகோணத்தின் எல்லாப் பக்கங்களும் இணைந்தபின்னரே அதன் அட்டையை உருவ வேண்டும்.

நம் வானிலைக்கு ஏற்ற நடு அடுக்கு

குளிர்நாட்டினர் நடுவே தடித்த பஞ்சு அடுக்கை வைப்பார்கள். மலேசிய வெப்பத்திற்கு அது பொருந்தாது. இங்கே ஒரு பழைய நூல்சேலையே போதுமானது. வங்காளத்துப் பெண்கள் பஞ்சே இல்லாமல் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி ஓட்டுத் தையலால் இணைத்து வந்திருக்கிறார்கள். சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலே அவர்களுக்குத் தையல் நூல். அதற்குக் 'காந்தா' என்று பெயர். நம்முடைய 'கந்தை' என்னும் சொல்லோடு அது ஒலிப்பதைக் கவனியுங்கள். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்ற இனத்திற்குக் கந்தையைத் தைக்கச் சொல்லிக் கொடுப்பது கடினமா என்ன?

மூன்று அடுக்குகளையும் சுருக்கமின்றி விரித்து, நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தைத்துச் செல்ல வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி புடைத்துக்கொள்ளும். முழுவதும் தைக்க இயலாவிட்டால், ஒரு சாண் இடைவெளிக்குள் ஆங்காங்கே நூலைக் குத்தி எடுத்து இரட்டை முடிச்சுப் போட்டாலும் அடுக்குகள் நகரா. இறுதியாக அடித்துணியின் விளிம்பை மேற்பக்கம் மடித்துத் தைத்தால் ஓரம் பிரியாது.

எழும் மறுப்புகள்

"பாடத்திற்கே நேரம் போதவில்லை, இதற்கு ஏது நேரம்?" என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டு அகற்றப்பட்டது. ஆயினும் புள்ளிகளைத் தேடும் பழக்கம் நம்மிடமிருந்து முழுமையாக அகலவில்லை. மேலே சொன்ன பாகைக் கணக்கும் அளவெடுத்தலும் பாடமில்லையா? செய்முறையை வரிசையாக எழுதச் சொன்னால் அது தமிழ்க் கட்டுரையில்லையா?

"ஊசி ஆபத்தல்லவா?" என்பார்கள். ஆம், கவனம் தேவைதான். நான் ஊசிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவேன். ஒன்று குறைந்தாலும் காந்தத்தைக் கொண்டு தேடிக் கண்டுபிடிக்கும்வரை யாரும் எழுந்து போவதில்லை. அந்தப் பொறுப்புணர்ச்சியும் கல்விதானே?

"ஆண் பிள்ளைக்கு எதற்குத் தையல்?" என்று கேட்ட பெற்றோரும் உண்டு. அவர்களிடம் நான், என் சட்டைப் பொத்தானை நானே தைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்வேன்.

இவற்றைவிட வலுவான மறுப்பு ஒன்றுண்டு. "கோணலானதை ஏற்றுக்கொண்டால் பிள்ளை அரைகுறை வேலைக்குப் பழகிவிடாதா?" நியாயமான கேள்வி. இதற்கு நான் கண்ட வழி, அழகில்லாத தையலையும் உறுதியில்லாத தையலையும் வேறுபடுத்திப் பார்ப்பதாகும். வரி வளைந்திருந்தால், நீளம் மாறியிருந்தால், நூலின் நிறம் பொருந்தாவிட்டால், அப்படியே விட்டுவிடுங்கள். அடுத்த பூ தானே மேம்படும். ஆனால் இடைவெளி விழுந்திருந்தால், முடிச்சு நழுவினால், துணி பிரிந்துவிடும். அப்போது பிள்ளையிடமே கொடுத்து, இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிரிவதைத் தானே காணட்டும். பிரித்துத் தைப்பதா, அதன்மேலேயே இன்னொரு வரி ஓட்டுவதா என்று தானே முடிவு செய்யட்டும். பிள்ளை தன் தையலைத் தானே பிரித்தால் அது பயிற்சி. பிள்ளை உறங்கிய பிறகு நாம் பிரித்தால் அது திருட்டு. நான் அன்றிரவு செய்தது இரண்டாவது.

அந்த மாணவனின் பூவில் இடைவெளி இருந்தது உண்மை. அவனிடம் கொடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் பச்சை நூலாலேயே அடைத்திருப்பான். அந்தப் பத்து நிமிடத்தை நான் அவனுக்குக் கொடுக்கவில்லை.

போர்வை இப்போது பள்ளி நூல்நிலையத்தின் வாசிப்பு மூலையில் விரிக்கப்பட்டிருக்கிறது. வருகின்றவர்கள் பார்த்துவிட்டு, கட்டம் போட்ட அந்தப் பூவின் தையல்தான் மிக நேர்த்தியாக இருக்கிறது என்று பாராட்டுவார்கள். நான் வேறு பேச்சுக்கு மாறிவிடுவேன்.

அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். ஒரு பழைய கைலியும் ஒரு சட்டையும் நிச்சயம் கிடைக்கும். துவைத்து, வெட்டி, ஏழு துண்டுகளைப் பிள்ளையிடம் கொடுங்கள். நூலின் நிறத்தை அது தேர்ந்தெடுக்கட்டும். அருகில் உட்காருங்கள், உங்களுக்கும் ஏழு துண்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பூவை நீங்கள் தையுங்கள், அதன் பூவை அது தைக்கட்டும்.